கண்ணாடியார் வீட்டு நேரலை

அத்தியாயம் ஒன்பது

குச்சி வந்து ஒரு வாரமாகிவிட்டது. கண்ணாடியாருக்கும் அதற்கும் இன்னும் ஒத்துப்போகவில்லை.

போன வாரக் கூத்தைப் படித்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கேபிள்காரரோடு வாசலில் நின்று வாய்ச்சண்டை போட்டு, "இனிமே உன் மூஞ்சில முழிக்க மாட்டேன், போ!" என்று கத்தி, தானே ஒயரைப் பிடுங்கிச் சுருட்டி அவர் கையில் கொடுத்தனுப்பியவர் நம் கண்ணாடியார்தான். அன்று சாயங்காலமே டிவி இல்லாமல் கூடத்துக்கும் சமையலறைக்குமாக நடந்து நடந்து தரையைத் தேய்த்தவரும் அவர்தான். பார்க்கச் சகிக்காமல், மருமகள் விரல் நீளத்துக்கு ஒரு கறுப்புக் குச்சியை வாங்கி வந்து டிவியின் முதுகில் சொருகினாள்.

"இதுல எல்லா சேனலும் லைவா வரும் மாமா."

"ஒயர் இல்லாமலா?"

"வீட்டு நெட்லயே வரும். என்ன, கேபிளை விடக் கொஞ்சம் பின்னாடி வரும்."

"பின்னாடின்னா?"

"பக்கத்து வீட்டுல கோல் போட்டுக் கத்தி முடிச்சப்புறம்தான் நம்ம வீட்டுல பந்து உதைப்பாங்க. அவ்வளவுதான்."

"நேரலைன்னு சிவப்புல போட்டிருக்கு?"

"நேரலைதான் மாமா. ஆனா கொஞ்சம் லேட்டா."

"அதெப்படிம்மா? ஒண்ணு நேரா வரணும், இல்ல லேட்டா வரணும்!"

மருமகள் சிரித்துவிட்டுப் போய்விட்டாள். அந்தக் கேள்விக்கு இன்று வரை அவருக்குப் பதில் கிடைக்கவில்லை.

குழப்பம் அதோடு நின்றால் பரவாயில்லை. ரிமோட்டில் எண்களே இல்லை. முன்பெல்லாம் நாற்பத்தேழு என்று கண்ணை மூடிக்கொண்டு அமுக்குவார், சேனல் வந்து நிற்கும். இப்போது ஒரு வட்டம், நடுவில் ஒரு பொத்தான். இடது பக்கம் அமுக்கினால் பொம்மைப் படம். கீழே அமுக்கினால் யாரோ ஒருத்தி உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கிறாள். நடுப் பொத்தானைத் தொட்டால் ஒரு நேரம் படம் ஓடுகிறது, ஒரு நேரம் செத்த மாதிரி நிற்கிறது. மருமகளைக் கேட்டால் ஒரு நிமிஷத்தில் சொல்லிக்கொடுப்பாள். ஆனால் கேட்டால், "எந்த சேனல் வேணும் மாமா?" என்று அவளும் கேட்பாளே! அதைத்தான் அவரால் வாய் திறந்து சொல்ல முடியாது.

ஏன் என்கிறீர்களா? அந்தச் சேனலில் ஆறு மணிச் செய்தி வாசிப்பது அவருடைய ஒரே மகள், மகனுக்கு மூத்தவள்.

'மூஞ்சில முழிக்க மாட்டேன்' என்பது கண்ணாடியாரின் வாயில் ஊறிப்போன வசனம். அவருடைய கண்ணாடிக் கடையில் ஃப்ரேமுக்குப் பேரம் பேசும் வாடிக்கையாளரிலிருந்து சொந்த மகன் வரை எல்லோரும் வாங்கியிருக்கிறார்கள். மறுநாள் காலையில் அவருக்கும் மறந்துவிடும், அவர்களுக்கும் மறந்துவிடும். பெரியவள் மட்டும் மறக்கவில்லை. பேசி முடித்த கல்யாணத்தை வேண்டாமென்று நிறுத்திவிட்டு, டிவியில் வேலைக்குப் போகிறேன் என்று பெட்டியோடு வாசலில் நின்றபோது, அவளுக்கும் அதே வசனம்தான் கிடைத்தது. அவள் செருப்பை மாட்டிக்கொண்டு போனாள். இரண்டு வருஷம் ஆகிறது. ஊரின் அந்தக் கோடியில் ஸ்டூடியோ, இந்தக் கோடியில் வீடு. அவள் வரவும் இல்லை, இவர் கூப்பிடவும் இல்லை.

ஆனால் சாயங்காலம் ஆறு மணிக்கு மட்டும் கண்ணாடியார் டிவி முன்னால் இருப்பார். யாராவது வந்தால் "மழை வருமான்னு பார்க்கறேன்" என்பார். சொன்ன சொல்லை மீறவில்லை என்பது அவர் கட்சி. டிவியில் தெரிவது மூஞ்சியா என்ன? வெறும் வெளிச்சம்! இதை வீட்டில் யாரும் கவனிக்கவில்லை என்று அவர் நம்பிக்கொண்டிருந்தார். ஐயோ பாவம்! அந்தச் சேனலின் படத்தை முதல் கட்டத்தில் கொண்டுவந்து வைத்ததே மருமகள்தான்.

இன்று சனிக்கிழமை. மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தவருக்கு வீடே வித்தியாசமாகத் தெரிந்தது. பெரியவளின் அறை ஜன்னல்கள் திறந்திருந்தன. புது விரிப்பு. மனைவியும் மருமகளும் சமையலறையில் குசுகுசுவென்று பேசிக்கொண்டிருந்தார்கள். இவர் தலையைக் கண்டதும் பேச்சு நின்றது.

"என்ன ரகசியம்?"

மனைவி கையைத் துடைத்துக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள். சாதாரணமாக அவர் சாப்பிடும்போது அவள் உட்காரமாட்டாள், அங்குமிங்கும் எடுத்துக்கொண்டேயிருப்பாள்.

"பெரியவ நாளைக்கு வெளிநாடு கிளம்பறா. அங்க ஒரு சேனல்ல வேலை. மூணு வருஷம் திரும்ப முடியாதாம்."

கண்ணாடியார் சோற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னைக்கு ஆறு மணிச் செய்திதான் அவளுக்குக் கடைசி. முடிச்சதும் நேரா இங்க வர்றா."

"வரட்டுமே. வந்து அவங்க அம்மாவைப் பார்த்துட்டுப் போகட்டும்."

"அதுக்கு வரலை. அப்பா வந்து கதவைத் திறந்தாத்தான் உள்ள வருவேன்னு சொல்லிட்டா. நாங்க யாரு திறந்தாலும் படி ஏறமாட்டாளாம். அதனால நானும் இவளும் தையல்கடைக்குப் போறோம். நீங்க இருந்துக்குங்க."

"என்ன விளையாட்டு இது? நான் என்ன வாட்ச்மேனா?"

"திறக்கறதும் திறக்காததும் உங்க இஷ்டம்," என்று எழுந்துகொண்டாள். "ஆனா இன்னைக்கு விட்டா மூணு வருஷம். அதையும் யோசிச்சுக்குங்க."

அவர் "ம்" என்றார். அந்த 'ம்'முக்கு என்ன அர்த்தம் என்று அந்த அம்மாளுக்கும் தெரியவில்லை, அவருக்கும் அப்போது தெரியவில்லை.

கடைக்குப் போனவருக்கு வேலையில் புத்தி நிற்கவில்லை. கிட்டப்பார்வைக்காரருக்கு எட்டப்பார்வைக் கண்ணாடியை எடுத்துக் கொடுத்தார். அவர் போட்டுப் பார்த்துவிட்டு, "என்னங்க, சுவர் என் மேல வந்து விழுது?" என்று கத்தினார். வேறு நாளாக இருந்தால் அவருக்கும் வசனம் கிடைத்திருக்கும். இன்று மன்னிப்புக் கேட்டு மாற்றிக் கொடுத்தார்.

மனசு முழுக்க ஒரே விஷயம்தான். கொஞ்ச நாளாகவே செய்தி வாசிக்கும்போது பெரியவள் இடது கண்ணைச் சுருக்குகிறாள். நீளமான வரி வந்தால் கழுத்து ஒரு துளி முன்னால் வருகிறது. பார்க்கிறவர்களுக்குத் தெரியாது. முப்பது வருஷம் ஜனங்கள் எழுத்துப் பலகை முன்னால் கண்ணைச் சுருக்குவதைப் பார்த்தவருக்குத் தெரியாதா? பவர் ஏறியிருக்கிறது. கேமரா முன்னால் கண்ணாடி போடக்கூடாது என்று சொல்லியிருப்பார்கள். இவளும் எழுத்து எழுத்தாகத் துழாவிப் படித்துக்கொண்டிருக்கிறாள். யாரிடம் காட்டினாளோ, காட்டவே இல்லையோ! இந்தக் கண்ணோடு மூணு வருஷம் கண்காணாத ஊரிலா?

அங்கேயே முடிவு பண்ணிவிட்டார். கதவைத் திறப்பது. "சாப்பிட்டியா?" என்று மட்டும் கேட்பது. அப்புறம் வேறு பேச்சே இல்லாமல் நாற்காலியில் உட்காரவைத்துக் கண்ணைப் பார்ப்பது.

வழக்கத்துக்கு முன்பே கடையைச் சாத்தினார். லென்ஸ் பெட்டியையும் சோதனை ஃப்ரேமையும் ஒரு பையில் போட்டு, சுவரில் தொங்கிய எழுத்துப் பலகையையும் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். தெருவில் பார்த்தவர்கள் கடையைக் காலி பண்ணுகிறாரோ என்று நினைத்திருப்பார்கள்.

மனைவியும் மருமகளும் ஏற்கெனவே கிளம்பியிருந்தார்கள். பலகையைக் கூடத்துச் சுவரில் மாட்டினார். எதிரே நாற்காலியைப் போட்டு, தூரம் சரியா என்று தானே உட்கார்ந்து பார்த்தார். பிறகு கதவைச் சாத்திவிட்டு டிவியைப் போட்டார். முதல் கட்டம், நடுப் பொத்தான். மூலையில் சிவப்பு எழுத்தில் நேரலை. பெரியவள் வந்தாள். நீலக் கோட்டு. அவளுக்கு நீலம் எடுப்பாக இருக்கும் என்று சின்ன வயதிலிருந்தே இவர் சொல்வார்.

"வணக்கம். இன்றைய முக்கியச் செய்திகள்..."

இரண்டு வரிகூட முடியவில்லை. வாசலில் மணி டிங் டிங் என்று இரண்டு தரம் அடித்தது. கதவைத் தள்ளிக்கொண்டு எதிர்வீட்டு இன்சூரன்ஸ்காரர் தலையை நீட்டினார்.

கண்ணாடியாருக்கு உயிரே போய்விட்டது. தெருவில் எல்லோரிடமும், "இனிமே எனக்கு ஒரே பையன்தான், பொண்ணுன்னு யாரும் கிடையாது" என்று ஜம்பமாகச் சொல்லிக்கொண்டு திரிபவர் ஆயிற்றே! பதறிப்போய் ரிமோட்டில் கைக்கு வந்த பொத்தானை அமுக்கினார். நடுப் பொத்தான். பெரியவள் வாயைப் பாதி திறந்தபடி அப்படியே நின்றுவிட்டாள். நின்றவள் போகவும் மாட்டேன் என்கிறாள்! டிவியின் பழைய ரிமோட்டைத் தேடி எடுத்து ஒரே அமுக்கு. திரை கறுத்தது.

"என்ன கண்ணாடியாரே, பேயைப் பார்த்த மாதிரி முழிக்கறீங்க?"

"ஒண்ணுமில்ல. மழை வருமான்னு பார்த்தேன். என்ன வேணும்?"

வேண்டியது நிறைய இருந்தது. அவருடைய தடித்த கறுப்பு ஃப்ரேமின் திருகாணி கழன்று கால் தனியாக வந்திருந்தது. திருகாணி மாட்டியாயிற்று. மூக்கில் அழுத்துகிறது என்றார். அதையும் வளைத்தாயிற்று. இப்போது காதில் இடிக்கிறது என்றார். நடுநடுவே ஒரு பாலிசி, அந்தப் பாலிசி எடுக்காமல் போய்ச் சேர்ந்த ஒருவரின் கதை, அவர் குடும்பம் பட்ட பாடு... கண்ணாடியார் கையில் ஸ்க்ரூ டிரைவரோடு நெருப்பில் நின்றார். மகளின் கடைசிச் செய்தி ஓடிக்கொண்டிருக்கிறது, இவர் இன்சூரன்ஸ்காரரின் காதைத் தடவிக்கொண்டிருக்கிறார். எழுந்து போ என்று எப்படிச் சொல்வது?

முக்கால் மணிக்கு மேலே ஆகிவிட்டது. ஒருவழியாக அவர் எழுந்தார்.

"லென்ஸைக் கொஞ்சம் துடைச்சு வைங்க. கடைக்குப் போயிட்டு ரெண்டு நிமிஷத்துல வந்து வாங்கிக்கறேன்."

"நாளைக்கு வாய்யா."

"அட, ரெண்டே நிமிஷம்தான்!" என்று சொல்லிக்கொண்டே கண்ணாடி இல்லாமல் சுவரைத் தடவிக்கொண்டு போனார். கண்ணாடியார் ஓடிப்போய்க் கதவைத் தாழ் போட்டார். ஓடிவந்து டிவியைப் போட்டார். எல்லாம் முடிந்திருக்கும், விளம்பரம்தான் ஓடும் என்று நினைத்தால்...

பெரியவள் இருந்தாள்! வாயைப் பாதி திறந்தபடி, விட்ட இடத்திலேயே.

கண்ணாடியாருக்குத் தலைகால் புரியவில்லை. நடுப் பொத்தானைத் தொட்டார். அவள் பேச ஆரம்பித்தாள். முதல் செய்தியிலிருந்தே!

இதென்ன மாயம்? சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். அது ஓடுகிறதா நின்றுவிட்டதா என்று காதை வைத்துக் கேட்டார். ஓடியது. ஸ்டூடியோவில் கரண்ட் போயிருக்குமோ? இன்று தாமதமாகத்தான் ஆரம்பித்தார்களோ? மூலையில் பார்த்தார். சிவப்பு எழுத்து சத்தியமாகச் சொல்லிக்கொண்டிருந்தது, நேரலை என்று. அதுதான் கொஞ்சம் பின்னாடி வரும் என்று மருமகள் சொன்னாளே, அது இதுதான் போலிருக்கிறது! எது எப்படியோ, ஒரு வரிகூடத் தவறவில்லை. அவருக்கு வந்த சந்தோஷத்தில் குச்சியின் மேல் இருந்த கோபமெல்லாம் போய்விட்டது. அதோடு இன்னொரு நிம்மதியும் வந்தது. அவள் இன்னும் ஸ்டூடியோவில்தான் இருக்கிறாள். இதை முடித்து, அங்கிருந்து கிளம்பி இங்கே வந்து சேர இன்னும் எவ்வளவோ நேரம் இருக்கிறது.

சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். இரண்டு வருஷத்தில் இப்படி நிம்மதியாக, யாரும் வந்துவிடுவார்களோ என்ற பயமில்லாமல் அவளைப் பார்த்ததில்லை. இளைத்திருக்கிறாள். இடது கண் சுருங்குகிறது. "அதோ பாரு, பாரு, சுருக்கறா," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். "வா, வா. இன்னைக்கு உன்னை விடறதில்லை."

ஊர்ச் செய்தி முடிந்து உலகச் செய்தி ஓடிக்கொண்டிருந்தபோது வாசல் மணி அடித்தது.

ஒரே ஒரு தரம்.

"வந்துட்டான்யா," என்று பல்லைக் கடித்தார். அசையவில்லை. இந்த மனுஷனை உள்ளே விட்டால் இன்னும் அரை மணி. கடைசிச் செய்தி கையை விட்டுப் போய்விடும். வாசலில் ஏதோ குரல் கேட்ட மாதிரிகூட இருந்தது. ஆனால் கூடம் முழுக்கப் பெரியவளின் குரல்தான் நிறைந்திருந்தது. அதில் எதைப் பிரிப்பது?

மறுபடி மணி. மெதுவாக.

கண்ணாடியாருக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது. திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், கதவுக்குக் கேட்கும்படி உச்சக் குரலில் கத்தினார்.

"மறுபடியும் வந்துட்டியா? ஒரு தடவை சொன்னா புரியாதா உனக்கு? உன் மூஞ்சில முழிக்க எனக்கு இஷ்டமில்லை! போ இங்கேருந்து!"

வாசல் அமைதியானது. மணி அதற்குப் பிறகு அடிக்கவில்லை.

"அப்படிச் சொன்னாத்தான் அடங்குவான்," என்று திருப்தியோடு சாய்ந்து உட்கார்ந்தார்.

செய்தி முடிந்தது. வழக்கமாக வணக்கம் சொல்லிவிட்டுக் காகிதத்தை அடுக்குவாள். இன்று அடுக்கவில்லை. ஒரு விநாடி கேமராவையே பார்த்தாள்.

"இது நான் வாசிக்கும் கடைசிச் செய்தி. இத்தனை நாள் பார்த்த எல்லோருக்கும் நன்றி. பார்க்கவில்லை என்று சொல்லிக்கொண்டே பார்த்தவர்களுக்கும்."

கண்ணாடியார் கண்ணாடியைக் கழற்றி மேஜையில், இன்சூரன்ஸ்காரர் கண்ணாடிக்குப் பக்கத்தில் வைத்தார். இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டார். துடைக்கத் துடைக்க வந்தது. பாவி மகளே, எல்லாம் தெரியுமா உனக்கு?

"கிளம்பி வாம்மா," என்றார் டிவியைப் பார்த்து. "நானே திறந்து வைக்கிறேன்."

எழுந்து போய்த் தாழை நீக்கினார். கதவை அகலத் திறந்து, அது சாத்திக்கொள்ளாமல் இருக்க ஒரு செருப்பை முட்டுக் கொடுத்தார். வாசல் விளக்கைப் போட்டார். நிலைப்படியில் நின்றுகொண்டார். 'சாப்பிட்டியா' என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தார். குரல் கரகரத்தது. கனைத்துக்கொண்டு இன்னொரு முறை சொன்னார்.

தெருவில் இரண்டு உருவங்கள் வந்தன. மனைவியும் மருமகளும். திறந்த கதவையும் எரியும் விளக்கையும் பார்த்ததும் அந்த அம்மாள் ஓட்டமும் நடையுமாக வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"திறந்துட்டீங்களா! நான் பயந்துக்கிட்டே வந்தேன். எங்க அவ? உள்ள இருக்காளா?"

"என்ன அவசரம்? இப்பத்தானே செய்தி முடிஞ்சுது. இனிமேதான் கிளம்புவா."

மனைவியின் சிரிப்பு அப்படியே நின்றது. "என்ன சொல்றீங்க? செய்தி முடிஞ்சு எவ்வளவு நேரமாச்சு! தெருமுனைல இறங்கிட்டேன், வாசலுக்குப் போறேன்னு போன் பண்ணாளே! அதுக்கப்புறம்தான் நாங்க தையல்கடையிலேருந்தே கிளம்பினோம்."

"உனக்கென்ன பைத்தியமா? இதோ, இந்த நிமிஷம் வரைக்கும் நான் பார்த்துக்கிட்டிருந்தேன். நேரலை!"

மருமகள் உள்ளே போனாள். சுவரில் தொங்கிய எழுத்துப் பலகையையும், எதிரே போட்டிருந்த நாற்காலியையும், மேஜைமேல் திறந்திருந்த லென்ஸ் பெட்டியையும் பார்த்து ஒரு கணம் நின்றாள். பிறகு ரிமோட்டை எடுத்து வட்டத்தின் ஓரத்தை அமுக்கினாள். திரையின் அடியில் ஒரு கோடு தோன்றியது. கோட்டின் நடுவில் ஒரு புள்ளி.

"மாமா... நடுவுல இதை நிறுத்தினீங்களா?"

"நான் எங்கே நிறுத்தினேன்? அதுவா நின்னுது. டிவியை ஆஃப் பண்ணிட்டு அப்புறம் போட்டேன். விட்ட இடத்துலேருந்து வந்துது."

"டிவியைத்தான் ஆஃப் பண்ணீங்க. குச்சி முழிச்சுக்கிட்டுதான் இருக்கும் மாமா. நீங்க வர்ற வரைக்கும் அண்ணியை அப்படியே பிடிச்சு வச்சிருக்கு. இவ்வளவு நேரம் நீங்க பார்த்தது அப்ப நடந்தது." புள்ளியைக் கோட்டின் கடைசிக்குத் தள்ளினாள். திரையில் யாரோ இரண்டு பேர் பாட்டுப் போட்டியில் பேசிக்கொண்டிருந்தார்கள். "இதுதான் இப்ப."

கண்ணாடியாருக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை. மறுபடி திரையின் மூலையைப் பார்த்தார்.

"சிவப்பு எழுத்து?" என்றார் சின்னக் குரலில்.

"அது படத்தோடயே வர்ற எழுத்து மாமா. அதுக்கு என்ன தெரியும்?"

அந்த நேரம் பார்த்து வாசலில் மணி டிங் டிங் என்று அடித்தது. இன்சூரன்ஸ்காரர், கையில் ஒரு பையோடு.

"மன்னிச்சுக்குங்க, கடையில கூட்டம். ரெண்டு நிமிஷம்னு சொல்லிட்டு நேரமாயிடுச்சு. என் கண்ணாடி ரெடியா?"

"நீங்க..." கண்ணாடியார் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்க நடுவுல வந்து மணி அடிச்சீங்கல்ல?"

"நானா? இப்பத்தானே வர்றேன்! கடை வாசல்லேருந்து பார்த்தேன், உங்க படியில யாரோ ஒரு பொண்ணு நின்னுக்கிட்டிருந்துது. கண்ணாடி இல்லாம சரியாத் தெரியலை. நீலமா ஏதோ போட்டிருந்துது. கொஞ்ச நேரம் நின்னுட்டு பஸ் ஸ்டாப் பக்கமாப் போச்சு."

இரண்டு தரம் அடிப்பவர் இவர். ஒரே ஒரு தரம் அடித்தது...

கண்ணாடியார் சொன்னதெல்லாம் ஒவ்வொன்றாக அவர் காதிலேயே திரும்ப விழுந்தது. மறுபடியும் வந்துட்டியா. மூஞ்சில முழிக்க எனக்கு இஷ்டமில்லை.

"என்னங்க, என்ன சொன்னீங்க அவளை?" மனைவி அவர் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். "வாயைத் திறங்க! என்ன சொல்லித் தொலைச்சீங்க?"

அவர் மேஜையில் கைக்கு வந்த கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, கதவுக்கு முட்டுக் கொடுத்த செருப்பையும் எத்திவிட்டு, வெறுங்காலோடு தெருவில் ஓடினார். "யோவ், அது என் கண்ணாடிய்யா!" என்று பின்னால் ஒரு குரல் கேட்டது. எதுவும் அவர் காதில் ஏறவில்லை.

ஓடிய பிறகுதான் தெரிந்தது, தெரு வளைகிறது. விளக்குக் கம்பங்கள் ஒன்றுக்கு இரண்டாக நிற்கின்றன. நடைபாதை எங்கே முடிகிறது, சாலை எங்கே தொடங்குகிறது, ஒன்றும் பிடிபடவில்லை. கழற்றினால் அதைவிட மோசம். ஒரு சைக்கிள்காரர் திட்டிக்கொண்டே விலகிப்போனார். ஊருக்கெல்லாம் கண்ணாடி போட்டுவிடுகிறவர் குருடனாட்டம் கையை நீட்டிக்கொண்டு போனார்.

பஸ் ஸ்டாப்பில் கூட்டம். அவருக்குத் தெரிந்ததெல்லாம் நிறங்கள்தான். ஒரு பஸ் நின்றுகொண்டிருந்தது. அதன் பின்னால் இன்னொன்று உறுமிக்கொண்டு கிளம்பியது. ஜன்னல்களில் முகங்கள், எல்லாம் கரைந்த முகங்கள். எங்கே பார்த்தாலும் ஒரு நீலம் இருந்தது. சட்டையா, கோட்டா, பலகையா?

"டப்பி!" என்று கத்தினார்.

கடையில் கண்ணாடி டப்பாக்களை அடுக்கி விளையாடிய குழந்தைக்கு அவர் வைத்த பெயர். இரண்டு வருஷமாக அவர் வாயில் வராத பெயர். நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். திரும்பியவர்களில் அவள் இருந்தாளா என்று அவருக்குத் தெரியவில்லை.

"டப்பி! டப்பிம்மா!"

கிளம்பிய பஸ் சாலையில் ஏறிப் போனது.

சட்டைப் பையில் போன் அடித்தது. எடுத்து முகத்துக்கு நேரே பிடித்தார். எண் புகை மாதிரி தெரிந்தது. பச்சை எது, சிவப்பு எது? ஏதோ ஒன்றை இழுத்தார்.

மறுமுனையில் பஸ் இன்ஜின் சத்தம் மட்டும் கேட்டது. அது போனுக்குள் கேட்கிறதா, எதிரே நிற்கிற பஸ்ஸிலிருந்து கேட்கிறதா, அதுவும் தெரியவில்லை.

"டப்பிம்மா, அது உன்னை இல்லம்மா," என்றார். வார்த்தைகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தன. "இன்சூரன்ஸ்காரரைச் சொன்னேன். அவர் கண்ணாடி என்கிட்ட இருந்துது. நீ டிவில இருந்தே. நேரலைன்னு போட்டிருந்துது. நீ அங்க இருக்கும்போது வாசல்ல எப்படி இருப்பே? இந்தக் குச்சி உன்னை நிறுத்தி வச்சிருச்சு..."

சொல்லச் சொல்ல அவருக்கே அது கேவலமான பொய் மாதிரி ஒலித்தது. வாயை மூடிக்கொண்டார்.

"உள்ள என் குரல் கேட்டுதுப்பா." அவள்தான். செய்தி வாசிக்கும் குரல் இல்லை, அதற்கு முன்னால் வீட்டில் இருந்த குரல். "நான் அப்பவே படிச்சு முடிச்ச செய்தி. அதைக் கேட்டுக்கிட்டே என்னைப் போகச் சொல்றீங்க. எனக்கு ஒண்ணுமே புரியலை. பஸ்ஸுக்கு நின்னேன். வந்த பஸ்ஸுல ஏறலாமா வேண்டாமான்னும் புரியலை."

"ஏறிட்டியா?" என்றார் அவசரமாக. "எந்த பஸ்ஸும்மா? போனதா, நிக்கறதா?"

மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அழுகிறாளா, சிரிப்பை அடக்குகிறாளா?

"அப்பா."

"சொல்லும்மா."

"யாரோட கண்ணாடியைப் போட்டுக்கிட்டு நிக்கறீங்க?"

கண்ணாடியார் மூக்கின்மேல் கையை வைத்துப் பார்த்தார். தடித்த கறுப்பு ஃப்ரேம். இடது பக்கம் திரும்பினார், வலது பக்கம் திரும்பினார். எல்லாப் பக்கமும் நீலமாகத்தான் இருந்தது. நின்றிருந்த பஸ்ஸின் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. எங்கிருந்தோ அவள் தன்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்பது மட்டும் தெரிந்தது. அதனால் போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, நின்ற இடத்தைவிட்டு ஓர் அடிகூட நகராமல் நின்றார்.